எண்பத்தெட்டில் கொதிக்கும் தண்ணீர்

மலை உச்சியில் இருக்கும் முர்காப்பில் வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசுவார்கள். மேட்டு வண்டிக்குக் கீழ்நாட்டுக் காற்று ஒத்துக்கொள்ளாது என்பார்கள். அக்பைத்தால் கணவாயை முக்கி முனகி ஏறிவிடுகிற வண்டி, நாட்டு எல்லை தாண்டி, சாரிதாஷ் தாண்டி, தால்திக் கணவாயிலிருந்து கீழே ஓஷ் நகரத்துப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் ஜுரம் கண்ட பிள்ளைபோலச் சூடேறிவிடும். என்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரின் முள் நூறைத் தொடும், சில நாள் தாண்டும். ஓட்டுகிறவர் ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கிவைத்து, ஓஷ் பெட்ரோலையும் ஓஷ் வெயிலையும் ஓஷ்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புவார். ஏன் இப்படி ஆகிறது என்று யாரும் யோசித்ததில்லை. ஊரே ஒத்துக்கொண்ட விஷயத்தை யோசிக்க என்ன இருக்கிறது?

சபர்கானுக்கு மட்டும் அந்த முள்ளின்மேல் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. முள்ளின்மேலா, புருஷன்மேலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அவள் புருஷன் ஜோமார்த்திடம் இருந்தது சாம்பல் நிற வோல்கா. பானட் முனையில் பாயும் மான் வைத்த பழைய மாடல். பூமியைத் தோண்டிப் பார்க்க வந்த அரசாங்கக் கூட்டம் ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது கைவிட்டுப் போனதை அவன் எலும்பு எலும்பாகப் பொறுக்கிச் சேர்த்து ஓட வைத்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். ஊரில் யார் வண்டியில் என்ன கோளாறு என்றாலும் அவன் முற்றத்தில்தான் வந்து நிற்கும். ஹீட் மீட்டரைச் சரிபார்த்துக் கொடுப்பதில் அவனுக்குத் தனிப் பெருமை. கொதிக்கிற தண்ணீரில் சென்சாரைப் போட்டு, முள்ளை நூறில் நிறுத்தித் தருவான். புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று கிழிந்துபோன ரஷ்யப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவான்.

அவர்களுக்கு ஒரே மகள், பெகைம். ஓஷுக்கு நர்ஸ் படிக்கப் போனவள் அங்கேயே ஒருவனோடு போய்விட்டாள். போனது போகட்டும். முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் கோபம் தணிக்க வந்தார்கள். பெரியவர்கள் ஐந்து பேர், ஒரு வேன், வேனில் ஒரு கொழுத்த ஆடு. பெண் வீட்டார் அந்த ஆட்டை வாங்கி அறுத்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். ஜோமார்த் வாசலில் நின்றுகொண்டு, "ஆட்டை இறக்காதீங்க" என்றான். அவ்வளவுதான் பேசினான். நானூறு கிலோமீட்டர் வந்த ஆடு நானூறு கிலோமீட்டர் திரும்பிப் போயிற்று. சம்பந்தி ஆகவேண்டியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேனில் ஏறினார். அந்த முகத்தைச் சபர்கான் இன்னும் மறக்கவில்லை.

ஒரே வாரத்தில் ஜோமார்த்துக்கு மனசு கேட்கவில்லை. மகளுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும் என்று அவனே ஆரம்பித்தான். பெட்டி செய்தான், வண்டிக்குக் கூரைச் சட்டம் அடித்தான். சபர்கான் ஏழு மெத்தை தைத்தாள். சீரைத் தாய் தகப்பன் கையால் கொண்டுபோய் இறக்க வேண்டும், டாக்சிக்காரன் கையில் கொடுத்தனுப்பினால் மகளுக்குத்தான் கேவலம்.

முதல் தடவை பேரனைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு இருவரும் போனார்கள். தால்திக் இறக்கத்தில் முள் நூற்றிரண்டுக்குப் போயிற்று. நின்று பார்த்தார்கள், மறுபடி ஓட்டினார்கள், மறுபடி ஏறியது. என்ஜின் சூட்டில் இறுகி நின்றுவிட்டால் வண்டியே போய்விடும் என்று ஜோமார்த் திருப்பிவிட்டான். இரண்டாம் தடவை போன இலையுதிர் காலத்தில். சபர்கான் ஜுரத்தில் கிடந்ததால் அவன் மட்டும் போனான். போனவன் போன மாதிரியே பெட்டியும் மெத்தையுமாக மறுநாள் திரும்பி வந்தான். "அதே இடம். அதே முள்ளு" என்றான்.

அதற்குப் பிறகு பெகைம் அதிகம் போன் செய்வதில்லை. "இனிமே வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கம்மா. நீ மட்டும் தனியா டாக்சி பிடிச்சு வந்து நிக்காத" என்று ஒருநாள் சொன்னாள், அதிலிருந்து பண்டிகைக்குத்தான் பேச்சு. பேரனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. சபர்கான் அவனைப் பார்த்ததெல்லாம் உள்ளங்கை அளவு போன் கண்ணாடியில்தான். ஒரு படத்தில் கதவுக் கைப்பிடி அவன் தலைக்கு மேலே இருந்தது, அடுத்த படத்தில் காதுக்குப் பக்கத்தில். அதை வைத்துத் தன் வீட்டுக் கதவில் அவன் உயரத்தைக் கைவைத்துப் பார்ப்பாள். தூக்கினால் எவ்வளவு கனம் இருப்பான் என்பது மட்டும் படத்தில் தெரியவில்லை.

திங்கட்கிழமை பெகைம் தானாகவே கூப்பிட்டாள். "சனிக்கிழமை ரஷ்யாவுக்குப் போறோம்மா. அவருக்கு அங்க ஒரு குடோன்ல வேலை. எப்ப வருவோம்னு தெரியல" என்றாள்.

சபர்கான் வானிலை நிலையத்தில் அடுப்பு மூட்டி, பெருக்கித் துடைக்கிற வேலை செய்தாள். புதன்கிழமை காலையில் அடுப்பை மூட்டிவிட்டு, கண்காணிப்பாளர் மவ்லோநசர் முன்னால் போய் நின்றாள். அவர் ஹோரோக் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பாமீரி இனத்தவர். இருபது வருஷமாக இந்த ஊர்க் காற்றையும் குளிரையும் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பவர். எதைக் கேட்டாலும் நோட்டைப் பார்க்காமல் பதில் சொல்லமாட்டார்.

"அண்ணே, தெர்மாமீட்டர் ஒண்ணு வேணும்."

"யாருக்கு ஜுரம்?"

"வண்டிக்கு."

மவ்லோநசர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை என்பதை இரண்டு தடவை சொன்னாள். அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார்.

"இது ஆபீஸ் சாமான். வெளிய குடுக்கக் கூடாது."

"அண்ணே..."

"நானே எடுத்துட்டு வர்றேன்னுதான் சொல்றேன். மத்தியானக் காத்து எழும்புறதுக்குள்ள முடிச்சிருவோம், நட."

முற்றத்தில் ஜோமார்த் வண்டிக்கடியில் கிடந்தான். இரண்டு ஜோடிக் கால்களைப் பார்த்துவிட்டு வெளியே ஊர்ந்து வந்தான்.

"வாங்க அண்ணே. மழை வருமா?"

"இந்த ஊர்லயா? மழை வந்தா நானே தெருவுல ஆடுவேன். உன் முள்ளைப் பாக்க வந்திருக்கேன்."

ஜோமார்த் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். "இவ கூட்டியாந்தாளா? என் மீட்டரைப் பாக்க மேகம் பாக்குற ஆளு. நல்லா இருக்கு!"

"ஏங்க, கோவப்படாதீங்க. ஒரே தடவை பாத்துருவோம்" என்றாள் சபர்கான். "முள்ளு சொல்றது சரின்னா நான் அப்புறம் வாயே திறக்கல. நாளைக்கு டாக்சி ஏறி நான் மட்டும் போறேன். அவ திட்டினாலும் வாங்கிக்கிறேன். என் பேரனை ஒரு தடவை தூக்கிட்டு வந்துருவேன்."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு, "பானையில தண்ணி வை" என்றான்.

அவன் ரேடியேட்டரிலிருந்து அரை வாளித் தண்ணீரை இறக்கினான். என்ஜின் தலையிலிருந்த சென்சாரைக் கழற்றினான், கட்டைவிரல் அளவு பித்தளைக் குப்பி. அதன் ஒயரோடு இன்னொரு நீள ஒயரை முறுக்கிச் சேர்த்தான். குப்பியின் உடம்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து என்ஜினில் எர்த்துக் கொடுத்தான். சபர்கான் கல் அடுப்பில் புதர் வேரும் யாக் மாட்டு வறட்டியும் அடுக்கி மூட்டினாள். காற்று அடிக்காமல் இருக்க அடுப்பைச் சுற்றிப் பழைய தகரம் வைத்தாள். குப்பி பானையின் அடியில் இடிக்காமல் தொங்கும்படி ஒரு குச்சியில் கட்டி, பக்கத்திலேயே மவ்லோநசர் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார்.

"இதென்ன, சாவியே போடல, முள்ளு அந்தக் கடைசியில கொதிச்சுட்டுக் கெடக்கு?" என்று காருக்குள் தலையை விட்டுக் கேட்டார் அவர்.

"அது அப்படித்தான். சாவி போடாதப்ப அந்த ஓரத்துலதான் படுத்திருக்கும். போட்டாத்தான் எழுந்து நிசத்தைச் சொல்லும்."

"உங்களை மாதிரிதாங்க" என்றாள் சபர்கான் புருஷனிடம், அடுப்பை ஊதிக்கொண்டே.

ஜோமார்த் சாவியைத் திருப்பினான். முள் சோம்பல் முறித்துக்கொண்டு குளிர்ந்த பக்கம் போய் நின்றது. இனிக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த வேலையில் பாதி காத்திருப்பதுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் தண்ணீரைக் கலக்கி, தீயை இழுத்துவிட்டு, குப்பிக்குச் சூடு ஏறுகிறவரை இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். மவ்லோநசர் வண்டிக் கதவில் சாக்கட்டியால் கோடு போட்டார். இடப்பக்கம் தெர்மாமீட்டர், வலப்பக்கம் முள்.

"நாப்பது" என்று கூவினார்.

"நாப்பத்தாறு" என்றான் ஜோமார்த் காருக்குள்ளிருந்து. "பழைய மீட்டர், ஆறு டிகிரி எல்லாம் ஒரு விஷயமா அண்ணே?"

சபர்கான் உப்புப் பால் டீ கொண்டுவந்து வைத்தாள். மவ்லோநசர் அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, வெண்ணெய் மிதக்க மிதக்கக் குடித்தார்.

"அறுபது."

"அறுபத்தொம்போது."

"எண்பது."

சபர்கான் எட்டிப் பார்த்தாள். ஜோமார்த் மீட்டருக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுப்பா. என் டீ ஆறுது."

"தொண்ணூத்தொண்ணு."

பானை சலசலவென்று கொதிக்கத் தொடங்கியது. மூடி போட்டிருந்தால் தூக்கி எறிந்திருக்கும், அப்படி ஒரு கொதி. ஜோமார்த் வெளியே குதித்து வந்தான். அவன் முகத்தில் ஜெயித்துவிட்ட களை.

"பாத்தீங்களா? தண்ணி கொதிக்குது. முள்ளு நூறுல நிக்குது. நான் நிறுத்தின இடம், மயிரிழை அசையல. இதுக்கு மேல என்ன சொல்றீங்க?"

மவ்லோநசர் தெர்மாமீட்டரை அவன் பக்கம் திருப்பினார். "படி."

ஜோமார்த் குனிந்து படித்தான். இன்னொரு தரம் படித்தான். "எண்பத்தெட்டு. இது உடைஞ்சுபோச்சு அண்ணே."

"உடையல."

"தண்ணி நூறுலதான் கொதிக்கும். பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்."

"பள்ளிக்கூடப் புத்தகம் எழுதினவன் கடலுக்குப் பக்கத்துல உக்காந்து எழுதினான். நம்ம ஊரு மூவாயிரத்தறுநூறு மீட்டர் மேல இருக்கு. இங்க காத்து லேசு. தண்ணி எண்பத்தெட்டுலயே கொதிச்சுரும். நீ இருக்கிற வறட்டியெல்லாம் போட்டு எரி, இந்த மலையவே எரி, ஒரு டிகிரி கூட ஏறாது. எதுக்கு உன் பொண்டாட்டி இறைச்சிய குக்கர்ல வெக்கிறா? சும்மா கொதிக்கவெச்சா மூணு நாளானாலும் வேகாதே, அதனாலதான்."

"அது தெரியும்" என்றான் ஜோமார்த். இறைச்சி வேகாது என்பது முர்காப்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதையும் மீட்டரையும் யாரும் சேர்த்து நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

"அப்ப நீ எண்பத்தெட்டைப் பிடிச்சு நூறுன்னு பேர் வெச்சுட்ட. உன் வண்டி எண்பத்தெட்டுல சுகமா ஓடும்போது நூறுன்னு காட்டும், தொண்ணூறுன்னா நூத்திரண்டு காட்டும். மேல ஐஸ் காத்துல என்ஜின் சூடே ஏறாது, அதனால தெரியல. கீழ இறங்கினா வெயில்ல நிசமான சூட்டுக்கு வரும், முள்ளு அலறும்." அவர் கதவிலிருந்த கோடுகளைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "ஆமா, இதுவரைக்கும் எத்தனை பேர் வண்டிக்கு இப்படி முள்ளு வெச்சுக் குடுத்த?"

ஜோமார்த் விரலை மடக்கி எண்ணினான். "பதினொண்ணு."

மவ்லோநசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீ மூக்கில் ஏறிவிட்டது. "அடப்பாவி! அப்ப ஓஷ்காரன் பெட்ரோல்ல ஒரு குத்தமும் இல்ல. ஊர் பூரா உன் பானையால கெட்டுருக்கு!"

சபர்கானுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்த முதல் பயணத்தில் வண்டி கொதிக்கவே இல்லை. பச்சை மெத்தை மடியில் இருக்க, தொட்டிலுக்குக் கட்ட வைத்திருந்த வெள்ளைத் துணி கையில் இருக்க, அந்த வளைவில் வண்டி திரும்பியபோது அவள் வாய்விட்டு அழுதாள். இன்னும் மூன்று மணி நேரம் ஓட்டியிருந்தால் பேரன் கையில் இருந்திருப்பான். ஒன்றுமே ஆகியிருக்காது. அதே நேரம், புருஷன் வேண்டுமென்றேதான் திருப்பினான் என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துப் பொருமியதும் அநியாயம் என்று பட்டது. அவள் அவன் தோளைத் தொட்டாள்.

"நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேங்க. முள்ளு உங்களையும் ஏமாத்தியிருக்கு."

அவன் மீட்டரைக் கழற்றப் போய்விட்டான்.

மீட்டரின் முதுகில் இரண்டு சின்னப் பல்சட்டங்கள் இருந்தன. ஊசிமுனையால் ஒன்றைத் தள்ளினால் முள் மொத்தமாக நகரும், மற்றதைத் தள்ளினால் வீச்சு கூடும், குறையும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். கொதிக்கும்போது எண்பத்தெட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால் நாற்பது, மறுபடி கொதிக்கவைத்து எண்பத்தெட்டு என்று மூன்று சுற்று ஓடியது. ஜோமார்த் இரண்டு தடவை ஊசியைக் கீழே போட்டான். கடைசியில் கதவின் இரண்டு பக்கமும் ஒரே எண்கள் வந்தன. மவ்லோநசர் தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டார்.

"நாளைக்குக் கிளம்புங்க. அக்பைத்தால்ல காத்து இருக்கும், பனி இல்ல" என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சபர்கான் மெத்தைகளை வெயிலில் போட நினைத்து உள்ளே திரும்பினாள்.

"நில்லு" என்றான் ஜோமார்த். ஓட்டுகிற இருக்கையில் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். "முதல் தடவை முள்ளு ஏமாத்துச்சு. ரெண்டாந்தடவை இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"போன வருஷம் அதே இடத்துல நிறுத்தினேன். நூத்திரண்டு காட்டுச்சு. பானட்டைத் தூக்கி ரேடியேட்டர்ல கை வெச்சுப் பாத்தேன். சூடுதான், ஆனா கொதி இல்ல. ஒரு சத்தம் இல்ல. முப்பது வருஷம் ஓட்டுனவனுக்குக் கொதிக்கிற என்ஜின் சத்தம் தெரியாதா? ஏன்னு வெளங்கல, ஆனா முள்ளு பொய் சொல்லுதுன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா திரும்பி வந்தீங்க?"

"தெரிஞ்சுதான்."

அவள் அடுப்போரம் கிடந்த விறகுக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மனுசன் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்ல?" என்றான் அவன். "நான் திருப்பி அனுப்பின ஆளு. கதவைச் சாத்திட்டாருன்னா? சரி, சாத்தல, வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாருன்னா? அது அதவிடக் கஷ்டம். என்ன மூஞ்சிய வெச்சுட்டு உள்ள போவேன்? அந்த வளைவுல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். முள்ளு நூத்திரண்டுல நின்னுது. திரும்பிப் போடான்னு அது சொன்னதா எடுத்துக்கிட்டேன். எனக்கு அது வசதியா இருந்துச்சு."

"பத்து மாசம்" என்றாள் சபர்கான். "பத்து மாசமா நான் போன் கண்ணாடிக்கு முத்தம் குடுத்துட்டு இருக்கேன். உங்க வெக்கத்துக்கு என் பேரனை வெல குடுத்தீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்ட வேண்டும் என்று அவள் வாயில் வந்ததெல்லாம் அந்த நரைத்த பிடரியைப் பார்த்ததும் வராமல் போயிற்று. இவனும்தான் மகளுக்காக ஏங்கியிருக்கிறான். பக்கத்தில் படுத்திருந்து அவளுக்கே அது தெரியாமல் போனது. பாவாடையில் கையைத் துடைத்து, போனை எடுத்து, எண்ணை அழுத்தி அவன் மடியில் வைத்தாள்.

"எங்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுங்க."

"இப்பவா? கையெல்லாம் கிரீஸ்..."

"அம்மா?" என்று பெகைமின் குரல் சத்தமாகக் கேட்டது.

ஜோமார்த் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அம்மா இல்ல. நாந்தான்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஏதோ கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் வந்தது. "சொல்லுங்கப்பா."

"வண்டி நல்லாத்தான் இருக்கு."

"ம்."

"போன வருஷமும் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் திருப்பிட்டு வந்தேன். பயந்துட்டேம்மா."

லைன் போய்விட்டதோ என்று சபர்கான் எட்டிப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா" என்றாள் பெகைம். "அவரோட சித்தப்பா தால்திக்லதான் ஆடு மேய்க்கிறாரு. கூரைமேல பெட்டி கட்டின சாம்பல் வோல்கா நிக்குதுன்னு அப்பவே போன் பண்ணிட்டாரு. பானட்டைத் தூக்கிப் பாத்து மூடிட்டு, ரெண்டு மணி நேரம் சும்மா உள்ள உக்காந்திருந்தீங்களாம். கிட்ட வந்து பேசலாமான்னு கேட்டாரு. மாமாதான் வேண்டாம்னுட்டாரு. மனுசன் தானா வரட்டும்னாரு."

"உன் மாமனாரா?"

"ஆமா. அன்னிக்கு உங்களுக்கு வீடு தெரியாதேன்னு, நீங்க வர்ற வழியில குல்ச்சா வரைக்கும் போய் ரோட்டுல நின்னாரு. இருட்டுற வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தாரு."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டான் ஜோமார்த்.

"நீங்களா சொல்லணும்னு இருந்தேன். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் இன்னிக்குச் சொல்லிருவாருன்னு எடுப்பேன். அம்மாதான் பேசுவாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எப்பக் கிளம்புறீங்க?"

ஜோமார்த் பெண்டாட்டியைப் பார்த்தான். நாளைக் காலை என்றுதான் பேச்சு. சென்சார் இன்னும் பானையில் தொங்கியது, ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இல்லை, மீட்டர் பக்கத்து இருக்கைமேல் கிடந்தது. சபர்கான் விறகுக் கட்டையிலிருந்து எழுந்துவிட்டிருந்தாள்.

"இப்ப" என்றான். "ராத்திரி வழியில கராகோல்ல படுத்துட்டு, நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள குல்ச்சா வந்துருவோம்."

"அப்ப மாமாகிட்ட சொல்றேன். அவரு இந்தத் தடவையும் ரோட்டுல வந்து நிப்பாரு, பாருங்க."

சபர்கான் உள்ளே போய் முதல் மெத்தையைத் தூக்கினாள். முற்றத்திலிருந்து அவன் குரல் கேட்டது, இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத குரல்.

"நிக்கச் சொல்லும்மா" என்றான்.